சலுகையா, உரிமையா?

"சாரதி அனுமதிப்பத்திரம் அரசு தரும் சலுகைதானே, கொடுத்தவர்கள் திருப்பி எடுத்தால் நாம் என்ன கேட்பது?" என்று கலிபோர்னியாவில் வாழும் நண்பரொருவர் தொலைபேசியில் சலித்துக்கொண்டார். மதுபோதையில் வாகனம் செலுத்தியதாகக் கைதான அவரிடம் இடைநிறுத்த உத்தரவு கொடுக்கப்பட்டிருந்தது. நான் அவருக்கு ஒரு பழைய வழக்கைச் சொன்னேன்.

1968 நவம்பரில் ஜோர்ஜியா மாநிலத்தில் பெல் என்ற கிறிஸ்தவ போதகரின் காரில், 5 வயதுச் சிறுமியொருத்தியின் துவிச்சக்கரவண்டி மோதியது. பெற்றோர் 5,000 டொலர் நட்டஈடு கோரினர். காப்புறுதியில்லாத சாரதி அத்தொகைக்குப் பிணை கட்டவேண்டும், இல்லையேல் அனுமதிப்பத்திரம் போய்விடும் என்பது அன்றைய சட்டம். மூன்று கிராமப்புறச் சமூகங்களுக்குக் காரில் சென்றே அவர் ஊழியம் செய்துவந்தார். நிர்வாக விசாரணையில் தம்மீது தவறில்லையென நிரூபிக்க முனைந்தபோது, அந்தக் கேள்விக்கே அங்கு இடமில்லை என்றார்கள்.

1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதனை நிராகரித்தது. சலுகையென்று பெயரிட்டாலும் உரிமையென்று பெயரிட்டாலும், பிழைப்புக்கு இன்றியமையாததாகிவிட்ட அனுமதிப்பத்திரத்தை முறையான விசாரணையின்றிப் பறிக்கலாகாது என்பதே நீதியரசர் பிரெனன் எழுதிய தீர்ப்பின் சாரம்.

ஆனால் அந்தக் கதவு முழுதாகத் திறந்துவிடவில்லை. மூச்சுப் பரிசோதனைக்கு மறுத்தவரின் பத்திரத்தை முதலில் இடைநிறுத்திவிட்டு, விசாரணையை உடனே பின்னர் நடத்தினாற் போதும் என 1979இல் மசசூசெற்ஸ் வழக்கொன்றில் அதே நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவிலோ ஒரே அலுவலர் வழக்குத் தொடுநராகவும் தீர்ப்பாளராகவும் அமர்ந்திருந்தார். அது முறையல்லவென மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது 2022இல்தான்.

ஆகவே நண்பரிடம் சொன்னேன்: உத்தரவு கிடைத்து 10 நாட்களுக்குள் விசாரணையைக் கோருங்கள். பொலிஸ் அறிக்கையையும் பரிசோதனைப் பதிவுகளையும் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்ததா, கைது சட்டப்படியானதா, இரத்தத்தில் மதுவின் அளவு 0.08 சதவீதத்தை எட்டியதா என்பனவே அங்கு ஆராயப்படும். வேலைக்குக் கார் வேண்டும் என்ற முறையீடு எடுபடாது. குற்றவியல் நீதிமன்ற வழக்கு வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் சட்டத்தரணியொருவரை உடனே காணுங்கள்.

குற்றம் செய்தாரா என்பதை நானறியேன். ஆனால் வாய் திறக்காமலே தோற்பதற்கு அவர் ஆயத்தமாக இருந்தார். தம் பேச்சைக் கேட்கவேண்டும் என்பதற்காக அந்தக் கிராமத்துப் போதகர் உச்ச நீதிமன்றம்வரை சென்றார். அப்படிப் பெறப்பட்ட வாய்ப்பை ஒரு திகதியைத் தவறவிட்டு இழப்பது தகுமா?