நேரோபோட் விடுமுறை

இங்கிலாந்து, வேல்ஸ் நாட்டுப்புறக் கால்வாய்களில் படகை வாடகைக்கு எடுத்து, தாங்களே ஓட்டி, அதிலேயே சமைத்து உறங்கியபடி குடும்பங்கள் மேற்கொள்ளும் பயணம். ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. வேக வரம்பு மணிக்கு 4 மைல்.

சரக்குப் போக்குவரத்துக்காக வெட்டிய வழிகள் இவை. ஜேம்ஸ் பிரிண்ட்லி அமைத்த பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் 1761-இல் திறக்கப்பட்டு, வோர்ஸ்லி சுரங்கத்தின் கரியை மான்செஸ்டருக்குக் கொண்டு சென்றது. அடுத்து அவர் திட்டமிட்ட ட்ரென்ட்–மெர்சி கால்வாயின் (1777) பெரும்பகுதியில், படகை ஏற்றி இறக்கும் லாக்குகளின் அகலம் ஏறத்தாழ 7 அடிதான். அதற்கேற்ப ஒடுங்கியதே நேரோபோட். நீளம் 70 அடி வரை போகும். கரையில் நடக்கும் குதிரை அதை இழுத்தது.

ரயில் வந்ததும் சரக்குக் கூலி சரிந்தது. ஆள் வைக்க வழியில்லாத படகோட்டிகள் பலர் மனைவி மக்களையே படகில் ஏற்றிக்கொண்டார்கள். பின்புறத்தில் சுமார் 10 அடி நீள அறை. அடுப்பு, மடக்குக் கட்டில், பிள்ளைகள் எல்லாம் அதற்குள்தான். ஓரிடத்தில் தங்காத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை. இந்த நிலையை எதிர்த்து ஜார்ஜ் ஸ்மித் என்பவர் நடத்திய போராட்டத்தால் 1877-இலும் 1884-இலும் கால்வாய்ப் படகுச் சட்டங்கள் வந்தன. விடுமுறையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் குடும்பங்களை விட்டுவிடக் கூடாது. வறுமை ஏற்றிவிட்ட அவர்களே இந்தப் படகுகளில் குடித்தனம் நடத்திய முதல் குடும்பத்தினர்.

1939-இல் எல்.டி.சி. ரோல்ட் என்பவர், மனைவி ஏஞ்சலாவுடன் ‘கிரெஸ்ஸி’ என்ற படகில் பான்பரியிலிருந்து புறப்பட்டார். அந்தப் பயணத்தை அவர் எழுதிய ‘நேரோ போட்’ நூல் 1944-இல் வெளியானது. அதைப் படித்து அவரைத் தேடி வந்தவர் ராபர்ட் ஐக்மன். 1946-இல் இருவரும் நண்பர்களோடு உள்நாட்டு நீர்வழிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தூர்ந்துபோகும் கால்வாய்களை மூடிவிடலாம் என்ற பேச்சு வலுத்திருந்த காலம் அது. 1962–63 கடுங்குளிரில் கால்வாய்கள் உறைந்து நேரோபோட் சரக்குத் தொழில் ஏறக்குறைய முடிந்துபோனது. 1968 போக்குவரத்துச் சட்டம் பல கால்வாய்களை உல்லாசப் படகுப் பயணத்துக்கென்றே பராமரிக்க வேண்டும் என்றது. அதற்குள் கால்வாய்களுக்கு விடுமுறைக்காரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் வந்திராவிட்டால் அந்த ஏற்பாட்டுக்கு வலுவான முகாந்திரம் இருந்திருக்காது.

பயணத்தின் உயிர் லாக்கில் இருக்கிறது. முன்னும் பின்னும் கதவு வைத்த தொட்டி அது. ஒருவர் சுக்கான் பிடிக்க, மற்றவர்கள் கரையேறி, இரும்புக் கைப்பிடியை மாட்டிச் சுற்றினால் மடை திறக்கும். மேல்மட்டத் தண்ணீர் நிரம்பப் படகு எழும்பும். இருபுறமும் மட்டம் சமமான பிறகே, கதவின் நீண்ட மரத்தண்டில் முதுகு கொடுத்துத் தள்ளினால் அசையும். இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். மேல்கதவின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் படியில் படகின் பின்பகுதி தட்டி நின்றால், தண்ணீர் வடிய வடிய முன்பகுதி தாழ்ந்து படகே மூழ்கலாம். படி முடியும் இடத்தைச் சுவரில் வெள்ளைக் கோடு காட்டும். படகின் பின்பகுதி அந்தக் கோட்டைத் தாண்டிக் கீழ்க்கதவின் பக்கமாக இருக்கும்படி நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வேல்ஸின் பொன்ட்கஸல்ட்டே நீர்ப்பாலம் (1805) இந்தப் பயணங்களில் பேர்போனது. டீ ஆற்றுக்கு மேலே சுமார் 38 மீட்டர் உயரத்தில் இரும்புத் தொட்டியில் படகு செல்லும். ஒரு பக்கம் நடைபாதை, மறுபக்கம் கைப்பிடிச் சுவரே கிடையாது. 2009-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. கென்னட்–ஏவன் கால்வாய், தன்னார்வலர்களின் நெடுங்கால உழைப்பால் 1990-இல் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதன் டிவைஸஸ் ஏற்றத்தில் மட்டும் 29 லாக்குகள். 2012 முதல் இங்கிலாந்து, வேல்ஸில் சுமார் 2,000 மைல் நீர்வழிகளைக் ‘கால்வாய், ஆற்று அறக்கட்டளை’ என்ற அமைப்பு பராமரிக்கிறது. படகு உரிமக் கட்டணமும் அதன் வருவாயில் சேர்கிறது.