சுவடிக் கட்டும் கணிப்பொறி அட்டவணையும்

சென்னை பெசன்ட் நகரில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல் நிலையம் இருக்கிறது. 1943-ஆம் ஆண்டு ருக்மிணி தேவி அருண்டேல் நிறுவியது அது. ஐயரவர்கள் ஊர் ஊராக அலைந்து திரட்டிய ஓலைச்சுவடிகள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. கர்னல் ஆல்காட் 1886-இல் தொடங்கிய அடையாறு நூலகத்திலும் சுவடிகள் ஏராளமாக உண்டு. இவற்றுக்கும் கணிப்பொறிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? இரண்டிலும் தகவலை முறைப்படுத்த முயன்றவர்கள் ஒரே சிக்கலைத்தான் சந்தித்தார்கள்.

சுவடிக் கட்டு ஒன்றை அவிழ்த்தால் அதில் ஒரே நூல்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. பல நூல்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கலாம். அதேபோல் ஒரே நூலின் படிகள் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு கட்டுகளில் கிடைக்கலாம். ஐயரவர்கள் சீவக சிந்தாமணியை 1887-லும், பத்துப்பாட்டை 1889-லும், புறநானூற்றை 1894-லும் பதிப்பித்தபோது பல படிகளை ஒப்பிட்டே பாடத்தை முடிவு செய்தார். எந்த நூல் எந்தக் கட்டில் இருக்கிறது என்பது தவறினால் ஒரு படி கணக்கிலிருந்தே மறைந்துவிடும். அதனோடு ஒரு நல்ல பாடமும் போய்விடக்கூடும்.

இத்தகைய உறவைப் ‘பல–பல உறவு’ எனலாம். இதை எப்படிப் பதிவு செய்வது? நூலின் பெயருக்கு எதிரே கட்டு எண்களை வரிசையாக எழுதலாமென்றால், எத்தனை கட்டம் போட்டு வைப்பது? நாளை இன்னொரு படி கிடைத்தால் என்ன செய்வது? நல்ல வழி ஒன்றுதான். நூல்களுக்கு ஓர் அட்டவணை, கட்டுகளுக்கு ஓர் அட்டவணை, இரண்டையும் சேர்க்க மூன்றாவதாக ஓர் அட்டவணை. இந்த மூன்றாவதன் ஒவ்வொரு வரியும் ‘இன்ன நூல் இன்ன கட்டில் உள்ளது’ என்ற ஒரே செய்தியைச் சொல்லும். இதுவே இணைப்பு அட்டவணை.

கணிப்பொறி உலகம் இந்த எளிய வழிக்கு வந்து சேரச் சில ஆண்டுகள் பிடித்தன. 1960-களில் அப்போலோ திட்டத்தின் உதிரிபாகங்களைக் கணக்கில் வைக்க ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கிய ஐ.எம்.எஸ். என்னும் அமைப்பு, தகவல்களைக் குடும்ப மரம்போல் அடுக்கியது. கிளை ஒவ்வொன்றுக்கும் ஒரே தாய். ஆனால் ஒரே திருகாணி பல இயந்திரங்களில் வருமே! அதற்குத் தனி ஏற்பாடுகள் செய்ய வேண்டியிருந்தது.

1970-இல் அதே ஐ.பி.எம்.மில் பணியாற்றிய எட்கர் காட் ஒரு கட்டுரை வெளியிட்டார். தகவல் அனைத்தையும் அட்டவணைகளாகவே வைக்கலாம் என்பது அவர் கருத்து. அவர் காட்டிய எடுத்துக்காட்டு ஒன்றில் வழங்குவோர், உதிரிபாகம், திட்டம், எண்ணிக்கை என நான்கு பத்திகள் இருந்தன. எண்ணிக்கை எவருடையது? வழங்குபவருடையதும் அன்று, பாகத்தினுடையதும் அன்று, அந்த இணைப்பினுடையது. உறவுக்கும் தனிப் பண்புகள் உண்டு என்பதை 1976-இல் பீட்டர் சென் படம் வரைந்து தெளிவாக்கினார்.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டுவது ‘சாவி’. இணைப்பு அட்டவணைக்குச் சாவி எது? இரண்டு எண்களையும் சேர்த்த இரட்டையே போதும் என்று தோன்றும். நம் சங்கப் பாடல்களைக் கொண்டே சோதித்துப் பாருங்கள். கபிலர் பல தொகைகளில் பாடியிருக்கிறார். ஒவ்வொரு தொகையிலும் பல புலவர்கள் இருக்கிறார்கள். ‘கபிலர், குறுந்தொகை’ என்பதைச் சாவியாக வைத்தால் குறுந்தொகையின் 18-ஆம் பாடல் பதிவாகும். 25-ஆம் பாடலும் கபிலருடையதே. ஆனால் அதற்கு இடமிருக்காது. சரியான சாவி ‘குறுந்தொகை, 25’, அதாவது தொகையும் பாடல் எண்ணும். சுவடிப் பட்டியலிலும் கட்டு எண்ணோடு தொடக்க ஏட்டின் எண்ணையும் சேர்த்தால், ஒரே கட்டில் ஒரு நூல் இருமுறை வந்தாலும் குழப்பமில்லை.

பிற்காலத்தில் நிரல் எழுதுவோர் அட்டவணைகளை விட்டு ‘ஆப்ஜெக்ட்’ என்னும் அலகுகளில் சிந்திக்கலானார்கள். இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக நிற்பதே ஆப்ஜெக்ட்–ரிலேஷனல் மேப்பிங். 2001-இல் கேவின் கிங் தொடங்கிய ஹைபர்னேட் இவற்றுள் புகழ்பெற்றது. ‘பல–பல’ என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும். இணைப்பு அட்டவணையை அதுவே அமைத்துக்கொள்ளும். வசதிதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அட்டவணையின் சாவியைப் பற்றி நாம் யோசிப்பதில்லை.

என் அனுபவம் ஒன்று. கல்லூரி ஆய்வகத்துக்காக நானே ஒரு சிறு நிரல் எழுதினேன். ‘மாணவர், சோதனை’ என்ற இரட்டையைச் சாவியாக வைத்தேன். ஒரு மாணவி தனி ஊசல் சோதனையை மறு வாரம் திரும்பச் செய்தாள். புதிய அளவீடுகள் பழையவற்றின்மேல் எழுதப்பட்டுவிட்டன. புவியீர்ப்பு முடுக்கத்தின் இரண்டு மதிப்புகளையும் ஒப்பிட்டுப் பிழையைக் காண்பதற்காகவே அவள் உழைத்தாள். அந்த ஒப்பீடு என் கவனக்குறைவால் போயிற்று. பிறகு இணைப்பைத் தனி ஆப்ஜெக்டாக்கி, அதற்கு ஒரு வரிசை எண் கொடுத்தேன். வரிசை எண் மட்டும் இருந்தால் ஒரே பதிவு தவறுதலாக இருமுறை ஏறிவிடும் அல்லவா? ஆகவே ‘மாணவர், சோதனை, நாள்’ மூன்றும் ஒருங்கே திரும்ப வரக்கூடாது என்ற விதியையும் சேர்த்தேன்.

நண்பர்களே, உங்கள் பள்ளி நூலகத்தின் வழங்கல் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். ஒருவர் பல நூல்களை எடுக்கிறார். ஒரு நூல் பலரிடம் போகிறது. பிடித்த நூலை ஒருவரே மீண்டும் எடுப்பதும் உண்டு. அப்படியானால் அந்தப் பதிவேட்டின் சாவி எது? யோசித்துச் சொல்லுங்கள்.