ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள் ஃபிரேம்: பெங்களூருவில் வாங்கும் முன் எந்த அளவுகளைப் பார்க்க வேண்டும்?

முன் சக்கரத்தில் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் சைக்கிள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்தது பின் சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன் உள்ள ஃபுல் சஸ்பென்ஷன்தான் என்று முடிவு செய்துவிட்டீர்கள். முழு சைக்கிளின் விலை தலைசுற்ற வைக்கிறது. 'ஃபிரேம் மட்டும் வாங்கி, பழைய பாகங்களை அப்படியே மாட்டிக்கலாமே' என்று தோன்றும்.

செய்யலாம். ஆனால், நான்கைந்து அளவுகளைப் பார்க்காமல் ஆர்டர் போட்டால், ஃபிரேம் வந்த பிறகு சக்கரம், கிராங்க், சீட் போஸ்ட் என ஒவ்வொன்றாகப் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். மிச்சப்படுத்த நினைத்த பணம் அதிலேயே போய்விடும்.

முதலில், உங்களுக்கு இது தேவையா?

உங்கள் வார இறுதிப் பயணம் எங்கே என்று பாருங்கள். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நந்தி மலை 1,478 மீட்டர். ஏற்றம் கடினம்தான், ஆனால் அது தார்ச் சாலை. அதற்குப் பின் சஸ்பென்ஷன் தேவையில்லை. கூடுதல் எடையைத்தான் மேலே இழுத்துச் செல்வீர்கள்.

நகரைச் சுற்றியுள்ள மண் பாதைகளின் கதை வேறு. இந்தப் பகுதி பழமையான நைஸ் பாறையின் மேல் அமைந்தது. லால்பாக் பாறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குட்டையான செங்குத்து ஏற்றங்கள், சொரசொரப்பான பாறைப் பலகைகள், கோடையில் கெட்டித் தரையின் மேல் உருளும் சரளை. பின் சக்கரம் தரையை விட்டு எழும்பாமல் பிடித்து நிற்பதில்தான் ஃபுல் சஸ்பென்ஷனின் பயன் இருக்கிறது. சொகுசு அதற்கு அடுத்தது.

எத்தனை மி.மீ. டிராவல்?

சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரமே டிராவல். பொதுவான பிரிவுகள் இவை:

- கிராஸ் கன்ட்ரி: 100–120 மி.மீ.
- ட்ரெயில்: 120–150 மி.மீ.
- எண்டூரோ: 150–170 மி.மீ.
- டவுன்ஹில்: சுமார் 200 மி.மீ.

1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக்கில் நுழைந்தது கிராஸ் கன்ட்ரி பிரிவுதான். 2023 அக்டோபரில் ஆசிய மவுன்டன் பைக் சாம்பியன்ஷிப் கேரளாவின் பொன்முடியில் நடந்தது.

பெங்களூருவைச் சுற்றி ஓட்டிவிட்டு, வருடத்துக்கு ஒரு முறை குடகு, நீலகிரி பக்கம் போகிறவருக்கு 120–140 மி.மீ. போதும். 'பெருசா இருந்தா நல்லதுதானே' என்று 170-க்குப் போனால், ஒவ்வொரு ஏற்றத்திலும் அந்த எடையும் ஆட்டமும் உங்கள் காலில்தான் தெரியும்.

சைஸ்: 'மீடியம்' என்ற சொல்லை நம்பலாமா?

வேண்டாம். ஒரு பிராண்டின் மீடியம், இன்னொன்றின் லார்ஜாக இருக்கலாம். இணையதளத்தில் உள்ள ஜியோமெட்ரி அட்டவணையில் நான்கு எண்களைப் பாருங்கள்.

- ரீச்: பெடல் அச்சிலிருந்து ஹெட் டியூபின் மேல் முனை வரை கிடைமட்டத் தூரம். நின்றபடி ஓட்டும்போது கைகளுக்கு எவ்வளவு இடம் என்பதை இது சொல்லும்.
- ஸ்டாக்: அதே இரு புள்ளிகளுக்கு இடையிலான செங்குத்து உயரம்.
- சீட் டியூப் கோணம்: 75–77 டிகிரி என்றால் ஏற்றத்தில் உடல் பெடலுக்கு நேர் மேலே இருக்கும்.
- ஹெட் கோணம்: ட்ரெயில் ஃபிரேம்களில் 65–66 டிகிரி சகஜம். எண் குறையக் குறைய இறக்கத்தில் நிதானம் கூடும், மெதுவான திருப்பங்களில் சுறுசுறுப்பு குறையும்.

உங்கள் இப்போதைய சைக்கிளின் எண்களை முதலில் எழுதி வைத்து, புதியதை அதன் பக்கத்தில் வையுங்கள். ஒரு எக்செல் ஷீட் போதும்.

பழைய பாகங்கள் பொருந்துமா?

பணம் அதிகம் வீணாவது இங்கேதான். கார்டில் போடும் முன் இவற்றைச் சரிபாருங்கள்:

- பின் அச்சு: இப்போதைய பெரும்பாலான ஃபிரேம்கள் பூஸ்ட் எனப்படும் 148×12 மி.மீ. உங்கள் பழைய சக்கரம் 142 அல்லது 135 மி.மீ. என்றால், பெரும்பாலும் புதுச் சக்கரம்தான்.
- ஹெட் டியூப்: மேலே 1⅛ அங்குலம், கீழே 1½ அங்குலம் என்ற டேப்பர்டு ஸ்டியரர் கொண்ட ஃபோர்க் வேண்டும். பழைய நேர் குழாய் ஃபோர்க்கை மாற்றிவிடுவதே நல்லது.
- ஃபோர்க் நீளம்: ஃபிரேம் நிறுவனம் சொன்ன உச்ச வரம்பைத் தாண்டாதீர்கள். 20 மி.மீ. கூடினால் ஹெட் கோணம் சுமார் ஒரு டிகிரி குறையும், வாரண்டியும் போகலாம்.
- பாட்டம் பிராக்கெட்: மரை உள்ளதா, பிரஸ் ஃபிட்டா? மழையும் தூசியும் மாறி மாறி வரும் ஊரில் மரை உள்ளதைக் கழற்றி மாட்டுவது எளிது.
- சீட் போஸ்ட்: 30.9, 31.6, 34.9 மி.மீ. என மூன்று அளவுகள் புழக்கத்தில் உள்ளன. பெரிய போஸ்ட் சிறிய குழாயில் நுழையாது.
- டிரெய்லர் ஹேங்கர்: 2019-இல் ஸ்ராம் நிறுவனம் கொண்டுவந்த யுடிஎச் என்ற பொது வடிவம் இருந்தால் நல்லது. ஹேங்கர் பாறையில் இடித்து வளைவது சகஜம். அந்த பிராண்டுக்கு மட்டுமே உரிய ஹேங்கர் என்றால், அது இறக்குமதியாகும் வரை சைக்கிள் வீட்டில்தான்.
- பின் ஷாக்: பெரும்பாலும் ஃபிரேமோடு வரும். மாற்றினால் மொத்த நீளமும் ஸ்ட்ரோக்கும் துல்லியமாக ஒத்துப்போக வேண்டும்.

விலையில் எதைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும்?

2023 மத்திய பட்ஜெட்டில், இறக்குமதியாகும் முழு சைக்கிளுக்கான சுங்க வரி 30 சதவீதத்திலிருந்து 35 ஆக உயர்த்தப்பட்டது. ஃபிரேமும் ஃபோர்க்கும் சுங்கப் பட்டியலில் 8714 என்ற தனித் தலைப்பில் வருபவை. எனவே முழு சைக்கிளின் விகிதத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் பாகங்களுக்கும் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. இறக்குமதியில் இந்த வரி, பொருளின் விலையோடு சுங்க வரியையும் சேர்த்த தொகையின் மேல் போடப்படும்.

வெளிநாட்டுத் தளத்தில் விலை குறைவாகத் தெரிந்தால், வாரண்டி விதியைப் படியுங்கள். பல பிராண்டுகள் அங்கீகாரம் பெற்ற கடையில் வாங்கிய முதல் உரிமையாளருக்கு மட்டுமே வாரண்டி தருகின்றன. செகண்ட் ஹேண்ட் என்றால் அசல் பில், சீரியல் எண், வெல்டுகளில் விரிசல், பிவட் பேரிங் ஆட்டம் என நான்கையும் பாருங்கள்.

ஃபிரேம் வந்தாச்சு. எப்படி செட் செய்வது?

முதல் வேலை 'சாக்'. நீங்கள் ஏறி உட்காரும்போது ஷாக் எவ்வளவு அமுங்குகிறது என்பதே அது. பின்னால் 25–30%, முன்னால் 15–20% என்பது தொடக்கப் புள்ளி.

1. ஷாக் பம்ப் வேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் பம்ப் இதற்குச் சரிவராது.
2. உடல் எடையை பவுண்டில் எடுத்து, அதே எண்ணை பிஎஸ்ஐ-யாக வையுங்கள். 70 கிலோ என்றால் சுமார் 154.
3. ஷாக்கை மெதுவாகப் பத்து முறை அமுக்கி விடுங்கள். உள் அறைகளில் காற்று சமமாகும்.
4. ஹெல்மெட், பை, தண்ணீரோடு ஏறி உட்காருங்கள். ரப்பர் வளையத்தை மேலே தள்ளிவிட்டு, குலுக்காமல் இறங்குங்கள்.
5. அளவிடுங்கள். ஸ்ட்ரோக் 55 மி.மீ. என்றால் 30% என்பது 16.5 மி.மீ. வளையம் 20-இல் நின்றால் காற்று ஏற்றுங்கள். 12-இல் நின்றால் இறக்குங்கள்.

அடுத்தது ரீபவுண்ட், அதாவது ஷாக் திரும்பி எழும் வேகம். நடுவில் வைத்துவிட்டு, நடைபாதை விளிம்பிலிருந்து உட்கார்ந்தபடியே இறங்குங்கள். ஒரு முறை எழும்பி அமைதியானால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் வேகத்தைக் குறையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, கிளிக் எண்ணிக்கையை ஃபோனில் குறித்து வையுங்கள். பிவட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் நிறுவனம் சொன்ன அளவுக்கு முறுக்கி, முதல் சில பயணங்களுக்குப் பின் மறுபடி பாருங்கள்.

லடாக் திட்டம் உண்டா? பெங்களூருவில் 22 பிஎஸ்ஐ வைத்த டயர், சுமார் 3,500 மீட்டரில் உள்ள லேயில் ஏறக்குறைய 26 காட்டும். வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே குறைவு என்பதால்தான் இது. குளிர் அதைக் கொஞ்சம் குறைக்கும். எப்படியானாலும் போய்ச் சேர்ந்ததும் டயரைச் சரிபாருங்கள்.

பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் ஃபோர்க்கின் கீழ்ப் பகுதிக்கு 50 மணி நேரத்துக்கு ஒரு சர்வீஸ் பரிந்துரைக்கிறது. சனி, ஞாயிறு தலா இரண்டு மணி நேரம் ஓட்டினால், 12–13 வாரத்தில் 50 மணி வந்துவிடும். ஆண்டுக்கு நான்கு முறை. இந்தச் செலவையும் ஃபிரேம் விலையோடு சேர்த்தே யோசியுங்கள்.

பைக் 'வாட்டர் சர்வீஸ்' கடையில் மட்டும் இதைக் கொடுக்காதீர்கள். அதிவேகத் தண்ணீர் பிவட் பேரிங்குகளுக்குள் புகுந்து கிரீஸை அடித்துச் சென்றுவிடும். வாளித் தண்ணீரும் துணியும் போதும்.

எங்கே ஓட்டலாம்?

துரஹள்ளி, அவலஹள்ளி போன்ற இடங்கள் வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளவை. காப்புக் காடுகளுக்குள் அனுமதியின்றி நுழைவது கர்நாடக வனச் சட்டம் 1963-இன்படி குற்றம். சமூக வலைதளத்தில் யாரோ போட்ட வீடியோ அனுமதி ஆகாது. எந்தப் பாதையில் ஓட்டப் போகிறீர்கள் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தப் பாதைக்கு எத்தனை மி.மீ. டிராவல் வேண்டும் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.