பத்துக் காசு வித்தியாசம்

பினாங்குத் துறைமுகத்தில் இறங்கிய தமிழர்களைப் பற்றிப் பேசும்போது நம் மனதில் வருவது ஆண்கள்தான். அதே கப்பல்களில் பெண்களும் பிள்ளைகளும் வந்தார்கள். ஜார்ஜ் டவுனுக்கு எதிர்க்கரையில், செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களிலும் பிறகு ரப்பர் தோட்டங்களிலும் வளர்ந்த பிள்ளைகள் 'ஆம்பள', 'பொம்பள' என்று பிரிந்தது எப்படி? 'எல்லாம் ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கம்' என்று சொல்லிவிடலாம். ஆனால் தோட்டத்துச் சம்பளக் கணக்குக்கும் அதில் பங்கு உண்டு.

1928இல் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளுக்கு நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விடியலில் இருவரும் ஒரே பெரட்டில்தான் நின்றார்கள். பிறகு வந்த பொருளாதார மந்தத்தில் கூலி சரிந்தது. தொழிலாளர் நிலையை நேரில் பார்த்த சீனிவாச சாஸ்திரி, 1937 அறிக்கையில் 1928ஆம் ஆண்டுக் கூலியையே திரும்பத் தரச் சொன்னார். அந்தப் பத்துக் காசு வித்தியாசத்தையும் சேர்த்துத்தான்.

லயத்து வீட்டில் இதற்கு என்ன அர்த்தம்? நாளைக்கு அம்பது காசு கொண்டுவரப் போகிறவன் பையன். அவன் பள்ளிக்குப் போகட்டும். அம்மா பால்வெட்டுக்குப் போனால் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொள்வது அக்காதான். 'பொட்டப் புள்ளைக்குப் படிப்பு எதுக்கு?' என்று கேட்டவர்கள் கொடியவர்கள் இல்லை. அவர்கள் போட்டது வீட்டுக் கணக்கு. அந்தக் கணக்கைப் பார்த்தே வளர்ந்த சிறுமி, அதைத் தன் சுபாவம் என்று நம்பினாள்.

போர் அந்த நம்பிக்கையை உலுக்கியது. 1943 அக்டோபரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. டாக்டர் லட்சுமி தலைமையேற்றார். மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த பெண்கள் பலர் அதில் சேர்ந்து துப்பாக்கி பிடித்தார்கள். 'பொம்பளையால முடியாது' என்று சொல்லி வந்ததைச் சில மாதப் பயிற்சி பொய்யாக்கியது.

1945இல் படை கலைந்தது. பெண்கள் வீடு திரும்பினார்கள். அடுப்பும் பழைய இடத்திலேயே இருந்தது. ஆனால் பதின்ம வயதில் அந்தப் படையில் சேர்ந்த ராசம்மா பூபாலன் 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தின் நிறுவனத் தலைவரானார். சங்கத்தின் முதன்மைக் கோரிக்கை சம ஊதியம். அரசுப் பணியில் அது ஏற்கப்பட்டது 1969இல்.

ஒரு பெண் துப்பாக்கி பிடிக்கப் பழகச் சில மாதங்கள் போதும். அவள் சம்பளத்தைச் சமமாக்க, அதன் பிறகு இருபத்தாறு ஆண்டுகள் ஆயின. மாறத் தாமதித்தது பெண்ணின் சுபாவம் அல்ல, கணக்குப் புத்தகம்தான்.