மலைப் பாட்டும் ஆற்றுப் பாட்டும்

போன வாரம் பேரன் கேட்டான், "தாத்தா, உங்க காலத்துல நம்பர் ஒன் பாட்டு எது?" என்று. யோசித்துப் பார்த்தால், நினைவுக்கு வந்த பாட்டுகளில் பாதி கடல், மலை, ஆறு என்று பெயர் வைத்துக்கொண்டவை. அதனால் இந்த வாரம் இது.

முதலில் கடல். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு வாத்தியார் பாட்டு வகுப்பில் கற்றுத் தந்தது ஷார்ல் த்ரெனேயின் 'லா மேர்'. கடல் என்பதுதான் தலைப்பே. 1943இல் தென் பிரான்சில் ரயிலில் போகும்போது ஜன்னல் வழியே ஒரு உப்பங்கழியைப் பார்த்து எழுதினாராம். 1946இல்தான் தம் குரலில் பதிவு செய்தார். பாட்டில் இருப்பது மத்தியதரைக் கடல், எங்களுக்குத் தெரிந்தது வங்கக் கடல். பத்து வயதில் அந்த வித்தியாசம் யாருக்குத் தெரியும்? பிற்பாடு இங்கிலீஷ்காரர்கள் அதே மெட்டுக்கு வேறு சொல் போட்டு, கடலுக்கு அப்பால் காத்திருக்கும் காதலி என்று ஆக்கிவிட்டார்கள். பாபி டாரின் பாடி அமெரிக்காவில் முதல் பத்து இடத்துக்குள் வந்தது. எனக்கென்னவோ காதலி இல்லாத கடல்தான் பிடித்தது.

அடுத்தது ஆறு. புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு இலங்கை வானொலியில் அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா'. 1952 டிசம்பரில் தொடங்கியது. ஹிந்தி தெரியாத தெருவே அதைக் கேட்கும். 1964ஆம் வருஷக் கடைசிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது ராஜ் கபூரின் 'சங்கம்' படப் பாட்டு. கங்கையும் யமுனையும் கூடும் இடத்தை வைத்துக் காதலியை மடக்கும் பாட்டு. மெட்டு சங்கர் ஜெய்கிஷன், குரல் முகேஷ். அதில் பதில் சொல்லும் நாயகி நம் திருவல்லிக்கேணி வைஜெயந்திமாலா என்பதில் எங்கள் தெருவுக்குத் தனிப் பெருமை.

மேல்நாட்டில் 'மூன் ரிவர்' என்று ஒன்று. 1961 டிசம்பரில் டானி வில்லியம்ஸ் பாடி இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், அதை எழுதிய ஜானி மெர்சரின் சொந்த ஊரான சவானா பக்கத்தில் ஓடும் ஒரு நீரோடைக்குப் பிறகுதான் அந்தப் பெயரை வைத்தார்கள். பாட்டு முந்தி, ஆறு பிந்தி. 1977 கடைசியில் பால் மெக்கார்ட்னி, தாம் பண்ணை வைத்திருந்த ஸ்காட்லாந்துக் கடல்முனையின் பெயரிலேயே 'மல் ஆஃப் கின்டையர்' பாடினார். இங்கிலாந்தில் இருபது லட்சம் தட்டுக்கு மேல் விற்ற முதல் பாட்டு அதுதான். மறு வருஷம் போனி எம் குழுவின் பாபிலோன் நதிகள் பாட்டு. நம்மூர் டேப் ரிக்கார்டர் கடைகளில்கூட அதைப் போட்டு ஆடினார்கள். அது விவிலியத்தின் 137ஆம் சங்கீதம். நாடு கடத்தப்பட்டவர்கள் அந்நிய ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுவது. அழுகைக்கு ஆடியிருக்கிறோம்!

நாம் இதில் பின்தங்கியவர்கள் என்று நினைக்க வேண்டாம். சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் கோவலன் காவிரியைப் பாட, மாதவி பதிலுக்குப் பாட, அந்த ஆற்றுப் பாட்டிலேயே இருவரும் பிரிந்தார்கள். பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டின் பெயரே 'மலைபடுகடாம்', 583 அடி. அதில் வரும் நன்னனின் செங்கம், நம் கல்வராயன் மலைக்கு வடக்கே கூப்பிடு தூரம்தான். இன்னும் கிட்டே வந்தால் திருக்கோவிலூர். பாரியின் பறம்பு மலையைப் பாடிய கபிலர், அதை இழந்த பிறகு பெண்ணையாற்றின் நடுவே உள்ள பாறையில் தீப்புகுந்தார் என்று அவ்வூர்க் கோயில் கல்வெட்டு சொல்கிறது. இன்றைக்கும் அது கபிலர் குன்று. 2019 முதல் நம் மாவட்டத்துக்குள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

கடைசியாக மலை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஜான் ஃபெரா என்ற பிரெஞ்சுப் பாடகர் 1960களின் நடுவில் 'லா மொந்தாஞ்' பாடினார். மலை என்று பொருள். ஆர்தேஷ் பகுதியின் மலைக்கிராமங்களை விட்டு இளைஞர்கள் நகரத்துக்கு இறங்கிப் போவதையும், கிழவர்கள் மட்டும் திராட்சைக் கொடியோடும் ஆட்டோடும் மிஞ்சுவதையும் பாடுகிறது. போனவர்கள் போலீஸாகவோ சர்க்கார் ஊழியராகவோ ஆகி, ஓய்வு பெறும் நாளுக்காகக் காத்திருப்பார்கள் என்று ஒரு குத்தும் வைத்திருக்கிறார். பள்ளியில் கேட்டபோது சிரித்தேன். கள்ளக்குறிச்சியில் குமாஸ்தாவாக உட்கார்ந்து வருஷங்களை எண்ணத் தொடங்கிய பிறகு சிரிப்பு வரவில்லை.

அந்தப் பாட்டு முழுதாகப் புரிந்தது வெள்ளிமலையில்தான். அலுவல் காரியமாகப் போயிருந்தேன். சாமை அறுப்பு முடிந்த சமயம். ஒரு மலையாளிப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். மகன், மருமகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார்கள். நாலைந்து வீடு தள்ளித் தள்ளிப் பூட்டு. தெருவில் கிழவர்களும், ஆடுகளும், காயப்போட்ட கடுக்காயும்.

எங்கோ ஒரு தேசத்தில் இதே மாதிரி ஒரு மலையைப் பற்றிப் பாட்டு இருக்கிறது என்று, தெரிந்தவரைக்கும் தமிழில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"பாடினவரு அந்த மலைக்காரரா சார்?"

"இல்லைங்க, பட்டணத்துக்காரர். ஆனா பின்னாடி அந்த மலையிலேயே போய்க் குடியிருந்தார்."

"போனவங்க திரும்பி வந்தாங்களா?"

அது பாட்டில் இல்லை என்றேன். அவர் லோட்டாவை வாங்கிக்கொண்டு, கடைசி பஸ் நாலரைக்கு, இப்பவே கிளம்பினால்தான் இடம் கிடைக்கும் என்றார்.