நிலத்தை எழுதியவர்: பாக் கியோங்னியின் வாழ்வும் இலக்கியப் பணியும்

நவீன கொரிய நாவல் வரலாற்றிலே பாக் கியோங்னிக்கு (1926–2008) நிலையான இடத்தைத் தேடித்தந்தது 'தோஜி' என்னும் பெருநாவலாகும். 'நிலம்' எனப் பொருள்படும் இந்நாவல் 1969இல் சஞ்சிகைத் தொடராகத் தொடங்கி 1994இலேயே நிறைவெய்தியது.

தெற்குக் கரையோர நகரான தோங்யோங்கிற் பிறந்த அவர், யப்பானியராட்சியிற் கல்வி கற்றவர். கொரியப் போர்க் காலத்திற் கணவனை இழந்தார். சில ஆண்டுகளின் பின் மகனும் இறந்தான். 1955இல் எழுத்துலகிற் புகுந்த அவரது ஆரம்பகால ஆக்கங்களிற் போரினாற் சிதைந்த பெண்களின் தனித்துயரே மேலோங்கி நின்றது. அத்துயரின் வேர்களைச் சமூக வரலாற்றிலே தேட முற்பட்டதன் விளைவே 'தோஜி' எனலாம். அதனை எழுதுங்காலையிலும் சோதனைகள் ஓயவில்லை. 1971இற் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்கு உள்ளானார். 1974இல் அவருடைய மருமகனான கவிஞர் கிம் ஜிஹாவுக்கு இராணுவ நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. அது பின்னர் குறைக்கப்பட்டது.

நாவல் 1897ஆம் ஆண்டின் அறுவடைத் திருநாளிலே தொடங்கி, 1945இல் விடுதலைச் செய்தி எட்டுவதுடன் முடிகின்றது. பியோங்சாரிக் கிராமத்து நிலவுடைமைக் குடும்பமொன்றின் வாரிசான சொஹீ, யப்பானியரைச் சார்ந்து நின்ற உறவினன் ஒருவனிடம் நிலங்களை இழக்கின்றாள். குடியானவர் சிலருடன் மஞ்சூரியாவுக்குச் சென்று, வாணிகத்தாற் பொருளீட்டி, இழந்தவற்றை மீட்கின்றாள். தன் வீட்டுப் பணியாளாயிருந்த கில்சாங்கை அவள் மணப்பது பழைய சாதிப்படிநிலையின் தகர்வைக் காட்டுகின்றது.

எனினும் இம்மீட்பை ஆசிரியை வெற்றியாகக் கொண்டாடவில்லை. வீடு மீண்டபோது சொஹீ உணர்வது வெறுமையையே. நாடோ அந்நியர் கையிலேயே உள்ளது. கில்சாங் விடுதலை இயக்கத்தின் வழியிற் செல்கின்றான். 1910 முதல் 1918 வரை குடியேற்ற அரசு நடத்திய நில அளவை, உடைமையாளரின் உரிமையைப் பதிவுசெய்தது; உழுபவரின் வழமையுரிமையை அங்கீகரிக்கவில்லை. பதிவேட்டிலே பெயர் பெறாத அம்மக்களே, பல நூறு பாத்திரங்களாக இந்நாவலில் உயிர்பெறுகின்றனர். சொஹீயின் கதையைவிட அவர்களுடைய பேச்சும் பசியும் பகையுமே நாவலுக்கு வரலாற்றுப் பெறுமதியை அளிக்கின்றன.

1980 முதல் வொன்ஜுவில் வாழ்ந்த பாக், தோட்டம் செய்தவாறே இறுதிப் பாகத்தை எழுதி முடித்தார். 1999இல் அங்கு திறக்கப்பட்ட தோஜி பண்பாட்டு நிலையம் எழுத்தாளர் தங்கி எழுத இடமளித்தது. பியோங்சாரியிலோ, கற்பனையில் மட்டுமிருந்த சொஹீயின் மாளிகை பிற்காலத்திலே கட்டியெழுப்பப்பட்டது. மாளிகையைக் காணச் செல்வோர் அதன் முன்னே விரியும் வயல்களையும் காண்கின்றனர். அவ்வயல்களை உழுதோரின் வரலாற்றை எழுதியதே பாக் கியோங்னியின் நிலைத்த பணியாகும்.