சுவரில் பாயும் குதிரை, நீலகிரியில் ஓடிய நரி

சிவப்புக் கோட்டு அணிந்த கனவான்கள், வேலியைத் தாண்டும் பழுப்புக் குதிரைகள், முன்னால் பாயும் வேட்டைநாய்க் கூட்டம். மலைவாச விடுதி வரவேற்பறைகளில் இன்று கேன்வாஸ் துணியில் அச்சாகித் தொங்கும் ஆங்கிலேய நரிவேட்டை ஓவியத்தை யாரும் எளிதில் அடையாளம் காணலாம். ஆனால் அதில் நரி எங்கே என்று தேடத்தான் வேண்டியிருக்கும். எத்தனையோ படங்களில் அது ஒரு மூலையில் விரல்நகம் அளவுக்குத்தான் இருக்கும். சிலவற்றில் இருக்கவே இருக்காது.

இந்த ஓவியங்கள் நகலாகவே பரவியவை. ஹென்றி ஆல்கன் (1785–1851), ஜான் ஃபிரெடெரிக் ஹெரிங் (1795–1865) போன்றோர் வரைந்தவற்றைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து, ஒவ்வொரு தாளுக்கும் கையால் வண்ணம் தீட்டி லண்டன் கடைகளில் விற்றார்கள். வேட்டைக்குக் கூடுவது, புதரிலிருந்து நரி கிளம்புவது, துரத்துவது, கடைசியில் நரி சாவது என்று ஒரே வேட்டை பல படங்களாக, வரிசையாக வந்தது. மூல ஓவியம் வாங்க வசதி இல்லாத வீட்டுச் சுவருக்கும் வேட்டை வந்து சேர்ந்தது. அன்றைய செப்புத் தகடு செய்த வேலையை இன்று மைப்பீச்சு இயந்திரம் செய்கிறது.

இந்தப் படங்களில் ஒரு பெரிய பிழையும் உண்டு. குதிரையின் முன்னங்கால் இரண்டும் முன்னே, பின்னங்கால் இரண்டும் பின்னே நீண்டு, உடல் காற்றில் மிதக்கும். 1878-இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்து, பாய்ந்தோடும் குதிரையைப் படம்பிடித்தார். நான்கு குளம்பும் தரையை விடும் கணம் உண்மையிலேயே இருந்தது. ஆனால் அப்போது கால்கள் வயிற்றுக்குக் கீழே மடங்கியிருந்தன. தலைமுறை தலைமுறையாக ஓவியர்கள் வரைந்த பாய்ச்சலைக் குதிரை ஒருநாளும் பாய்ந்ததில்லை.

அந்த நரிவேட்டைப் படத்தை வெள்ளைக்காரர்கள் சுவரில் மட்டும் மாட்டவில்லை; நம் மலை மேலே அதை உயிரோடு நடத்திப் பார்த்தார்கள்.

19-ஆம் நூற்றாண்டில் உதகமண்டலத்தில் ஒரு வேட்டைக் குழு உருவானது. நாய்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. சமவெளியின் வெயிலில் அவை தாக்குப்பிடிப்பது கடினம். நீலகிரியின் குளிர் அவற்றுக்கு ஒத்துக்கொண்டது. துரத்தத்தான் ஆங்கிலேயச் செந்நரி இல்லை. அதன் இடத்தில் நம் குள்ளநரி ஓடியது. இங்கிலாந்தின் வேலிகளுக்குப் பதிலாகச் சதுப்பும் செங்குத்துச் சரிவும் சோலைக்காடும் குதிரைகளுக்குச் சோதனை வைத்தன. சிவப்புக் கோட்டு மட்டும் மாறவில்லை.

ஓடிய களம் ஊட்டிக்கு மேற்கே விரிந்து கிடந்த புல்வெளி. 1891 முதல் 1896 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரைத்தான் அது இன்றும் சுமக்கிறது. அந்தப் பெயர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அது தோடர்கள் எருமை மேய்த்த நிலம். இங்கிலாந்துக் குன்றுகளை நினைவூட்டியதால் வந்தவர்களுக்கு அது பிடித்துப்போனது. மேய்த்தவர்களின் பெயர் அதற்கு ஒட்டவில்லை. நரிவேட்டைப் படங்களில் நிலத்தின் சொந்தக்காரர் மட்டுமே கம்பீரமாக நிற்பார், அங்கே உழைப்பவர் தூரத்துப் புள்ளியாகவே இருப்பார் என்பதை இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1830-களின் தொடக்கத்தில் சர் வில்லியம் ரம்போல்ட் கட்டிய மாளிகையில் இயங்கும் ஊட்டி கிளப்பில் அந்த வேட்டையின் நினைவுப் பொருட்கள் இன்றும் உள்ளன. வெள்ளையர் போன பிறகும் வேட்டைக் குழு உடனே கலைந்துவிடவில்லை. வெலிங்டன் ராணுவக் கல்லூரி அதிகாரிகள் அதைத் தொடர்ந்தார்கள். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பின்னாளில் குள்ளநரியைக் கொல்வது குற்றமானது. நரிவேட்டையின் தாய்மண்ணான இங்கிலாந்தில் நாய்களை ஏவி நரியைக் கொல்லும் வேட்டைக்குத் தடை 2005 பிப்ரவரியில்தான் அமலுக்கு வந்தது.

நம் ஊரில் நரியின் கணக்கே வேறு. செய்யாற்றங்கரையில் இருக்கும் காவாந்தண்டலம் போன்ற ஊர்களின் உழவருக்கு அது கொல்லையில் கண்ணில் படும் பிராணி. அதைத் துரத்தக் குதிரையும் நாய்ப்படையும் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிராது. நரி முகத்தில் விழித்தால் நல்லது என்பது தமிழ்நாட்டுப் பழைய நம்பிக்கை. சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்தில் பொங்கலையொட்டி வங்காநரியை வலைவைத்துப் பிடித்து, கோயிலுக்குக் கொண்டுவந்து, ஊரார் முன் ஓடவிட்டு, மறுபடி விட்டுவிடுவார்கள். அதைப் பார்த்தால் விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. வனத்துறை இந்த வழக்கத்துக்கும் அபராதம் விதிக்கிறது, அது சரியே. வாயைக் கட்டி, கூட்டத்தின் நடுவே விரட்டப்படும் விலங்குக்கு, விரட்டுபவரின் பக்தியால் பயம் குறைந்துவிடாது.

திருவிளையாடற் புராணத்தில் சிவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிவந்தார். இரவில் அவை மறுபடி நரிகளாயின. குதிரையையும் நரியையும் ஒரே உயிராகப் பார்த்த அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள், கேன்வாஸ் அச்சு வாங்கும்போது குதிரையைப் பார்த்த கையோடு மூலையில் இருக்கும் நரியையும் ஒருமுறை தேடிப் பார்க்கலாம்.